முதல் நிறுத்தம் காலனி

தொழில் தொடங்க வருகிறவர்களைத் தாமதப்படுத்துவதற்காக அரசாங்கம் எனக்கு மாதச் சம்பளம் கொடுத்தது. சித்தூரில் தொழில் துறை சார்ந்த ஓர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து அதிகாரியாக ஓய்வு பெற்றேன். மாங்கூழ் ஆலை வைக்க வந்தவர், கருங்கல் அறுக்கும் பட்டறை வைக்க வந்தவர், ஐஸ் கட்டி செய்ய வந்தவர் எல்லோரும் என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து வியர்த்திருக்கிறார்கள். தொண்ணூறுகளில் தாராளமயம் வந்தது. பாதித் தொழில்களுக்கு இனி உரிமம் தேவையில்லை என்றார்கள். உரிமம் தேவையில்லை என்பதற்கு ஒரு சான்று கொண்டு வா என்று வங்கிகள் கேட்டன. அந்தச் சான்றை நாங்கள் கொடுத்தோம். கூட்டம் குறையவில்லை.

ஆகவே என் மகள் பெங்களூர் வேலையை உதறிவிட்டுத் திருப்பதியில் கம்பெனி தொடங்கப் போகிறேன் என்று சொன்னபோது, எனக்கு முதலில் தோன்றியது அப்பாவின் கவலை அல்ல, அதிகாரியின் கேள்விகள்தான். எந்தச் சட்டத்தின் கீழ் பதிவு? முகவரி யார் பெயரில்? தீயணைப்புத் துறைச் சான்று உண்டா? அவள் வடக்கே பேர்பெற்ற ஒரு கல்லூரியில் எம்.பி.ஏ. படித்தவள். அங்கே இதையெல்லாம் சொல்லித் தரவில்லை. பத்தே ஸ்லைடில் ஒரு தொழிலை எப்படிக் காட்டுவது என்று சொல்லித் தந்திருந்தார்கள்.

வீட்டில் என் மனைவிக்குத்தான் விளங்கவில்லை.

"பொண்ணு இன்னா பண்ணுதுன்னு கேட்டா இன்னா சொல்றது? வேன் ஓட்டுதுன்னா?"

"ஓட்டறதுக்கு டிரைவர் இருக்கான்மா. நான் ஃபவுண்டர்."

"அப்படின்னா?"

"சம்பளம் இல்லாத உத்யோகம்," என்றேன் நான்.

"அப்பனும் மவளும் சிரிச்சிக்கினே இருங்க," என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

தொழில் இதுதான். சத்தியவேட்டுப் பக்கம் கழனிகளெல்லாம் தொழிற்பேட்டையாக மாறியிருந்தன. செல்ஃபோன், சார்ஜர், கார் உதிரிபாகம் என்று ஆலைகள் வந்தன. எல்லைக் கிராமங்களின் பெண்கள் அங்கே வேலைக்குப் போனார்கள். அவர்களுடைய அம்மாக்கள் செங்கல் சூளைக்கும் சென்னைக் கட்டட வேலைக்கும் லாரியில் போய் மாதக்கணக்கில் தங்கியவர்கள். மகள்களுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பும் வேலை. ஆனால் கிராமத்திலிருந்து ஆலைக்குப் போகும் வழி யாருடைய பொறுப்பும் இல்லை. ஷேர் ஆட்டோவில் அடைந்துகொண்டு போய், தாமதமாகி, அரைநாள் சம்பளத்தை விட்டுவிடுவார்கள். என் மகளும் அவளுடன் படித்த ஒரு பையனும் சேர்ந்து ஆலைகளோடு ஒப்பந்தம் போட்டு, கிராமம் கிராமமாக வேன் விட்டார்கள். எந்த வேன் எங்கே முதலில் போக வேண்டும், யாரை எப்போது ஏற்ற வேண்டும் என்பதை ஒரு கணினி நிரல் தீர்மானிக்கும். பெண்கள் தங்கள் ஃபோனில் வேன் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

கூட்டாளி புனே பக்கத்துப் பையன். ஆங்கிலத்தில்தான் பேசுவான். என்னை "அங்கிள்" என்பான். நல்ல பையன். எதைப் பார்த்தாலும் அதில் ஒரு படிப்பினை இருக்கிறது என்று நம்புகிற வயது.

திருப்பதியில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜின் மாடியில் அலுவலகம். நாற்காலிக்குப் பதில் பெரிய பெரிய மூட்டைகள் மாதிரி எதையோ போட்டிருந்தார்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். மொட்டைத் தலையோடு குடும்பம் குடும்பமாக ஏறி வந்து, "தர்சனம் டிக்கெட் இக்கடேனா?", இங்கேதானா, என்று கேட்பார்கள். கூட்டாளிப் பையன் முதலில் விளக்கம் சொல்லிப் பார்த்தான். பிறகு கையெடுத்துக் கும்பிட்டு மாடிப்படியைக் காட்டக் கற்றுக்கொண்டான். அவன் கற்ற முதல் உள்ளூர் வழக்கம் அதுதான்.

பர்மிட், தகுதிச் சான்று, காப்பீடு, வரி, புகைச் சான்று இவற்றையெல்லாம் நான் பார்த்துக்கொண்டேன். சித்தூரிலிருந்து காலை பஸ்ஸில் வருவேன். சம்பளம் கிடையாது. முகவரி அட்டையில் 'ஆலோசகர்' என்று போட்டிருந்தார்கள். அரசாங்கத்தில் அந்தப் பட்டத்தை ஓரம் கட்டப்பட்டவர்களுக்குத்தான் தருவோம்.

புத்தூருக்கும் சத்தியவேட்டுக்கும் இடையில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். அதன் காலனியில்தான் நான் பிறந்தேன். என் அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு முழம் நிலம் கிடையாது. அரசு பஸ் ஊருக்குள் வந்து கோயிலை ஒட்டித் திரும்பிவிடும். ஏரிக்கரையைத் தாண்டிக் காலனிவரை வந்ததே இல்லை. பஸ் ஏற நாங்கள்தான் ஊருக்கு நடந்து வர வேண்டும். வந்து சேர்வதற்குள் இருக்கைகள் நிரம்பியிருக்கும். காலியாக இருந்தாலும் உட்காரக் கூடாது என்பதை யாரும் எங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அரசு விடுதியில் இடம் கிடைத்ததும் நான் கிளம்பினேன். அந்த ஊரை நினைத்து ஒருநாளும் ஏங்கியதில்லை.

அந்தக் கிராமத்துக்கான பாதையைக் கூட்டாளிப் பையன் சுவர்த்திரையில் போட்டுக் காட்டினான். விதி எல்லாக் கிராமங்களுக்கும் ஒன்றுதான்: ஆலையிலிருந்து அதிகத் தூரத்தில் இருப்பவர்களை முதலில் ஏற்று, வரும் வழியில் மற்றவர்களை ஏற்று. திரையில் இரண்டு புள்ளிகள். முதல் புள்ளி காலனி. இரண்டாவது ஊர்.

நான் மகளைப் பார்த்தேன். அவள் தன் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேன் ஓடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே செய்தி வந்தது. காலனிப் பெண்கள் ஏறி ஜன்னலோரம், முன்வரிசை எல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊருக்குள் வேன் நின்றதும் ஊர்ப் பெண்கள் ஏறிப் பார்க்கிறார்கள். மீதி இடங்கள் அவர்களுக்குப் பக்கத்தில்தான். உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். டிரைவர் வண்டியை எடுக்கவில்லை.

"ஒக்காருங்கம்மா. நின்னுக்கினு வந்தா பிரேக் இன்ஸ்பெக்டர் என் மேலதான் கேஸ் எழுதுவாரு."

உண்மைதான். ஒப்பந்த வண்டியில் யாரும் நின்றுகொண்டு போகக் கூடாது; வாகன ஆய்வாளர் வழக்குப் போடலாம். எங்கள் நாட்டில் சமத்துவத்துக்காக எழுதப்படாத சட்டங்கள்தான் சில நேரம் அந்த வேலையைச் செய்கின்றன. பெண்கள் இறங்கிவிட்டார்கள். மறுநாள் ஒருவரும் ஏறவில்லை. ஊரின் முன்னாள் சர்பஞ்ச், அதாவது பஞ்சாயத்துத் தலைவர், டீக்கடையில் உட்கார்ந்து, வேன் முதலில் ஊருக்கு வந்து அப்புறம் காலனிக்குப் போகட்டும், இல்லாவிட்டால் நம் வீட்டுப் பெண்கள் ஏற மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்.

ஆலை மேலாளர் நேரடியாகப் பேசினார். பாதி இருக்கை காலியாக வருகிற வண்டிக்குப் பணம் தர முடியாது. இந்த மாதம் முடிவதற்குள் சரியாகவில்லை என்றால், எல்லாக் கிராமங்களுக்குமான ஒப்பந்தத்தையும் புத்தூரில் இருக்கும் வேறொரு டிராவல்ஸுக்குக் கொடுத்துவிடுவார். அந்த டிராவல்ஸ்காரர் ஊரிலிருந்தே கிளம்பத் தயார் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். அந்த ஆலை போனால் என் மகளின் கம்பெனி போனது. அவளிடம் அப்போது இருந்த பெரிய ஒப்பந்தம் அது ஒன்றுதான்.

கூட்டாளிப் பையனுக்கு விஷயம் புரியவில்லை. வரிசையை மாற்றுவது இரண்டு நிமிட வேலை, ஏன் இவ்வளவு தயக்கம் என்று கேட்டான். மகள் விளக்கினாள். அவன் முகம் சிவந்தது. "எனக்கும் இது பிடிக்கவில்லை. ஆனால் நாம் வேன் கம்பெனி. சீர்திருத்தச் சங்கம் இல்லை," என்றான். அவன் சொன்னதிலும் தவறில்லை. அப்படித் தவறில்லாமல் சொல்லப்பட்ட வாக்கியங்களால்தான் அந்த பஸ் அத்தனை வருஷம் ஏரிக்கரையைத் தாண்டவில்லை.

நான் ஒரு வழி சொன்னேன். அரசு அலுவலகத்தில் இரண்டு தரப்பும் சத்தம் போட்டால் செய்வதுதான். "ஒரு வாரம் அங்க மொதல்ல, ஒரு வாரம் இங்க மொதல்ல. ரெண்டு பேருக்கும் சமம்."

"அது ஃபைல மூடறதுக்கு நல்ல வழி நைனா," என்றாள் மகள்.

"ஃபைல் மூடினா கம்பெனி பொழைக்கும்ல?"

"தூரமா இருக்கறவங்க மொதல்ல ஏறணும். இதான் ரூலு. எல்லா ஊர்லயும் இதான். நகரியில ஒருத்தரும் கேக்கல, நாராயணவனத்துல கேக்கல. இந்த ஊருக்கு மட்டும் வாரத்துக்கு ஒரு ரூலு போடணும்னா, எதுக்குன்னு எழுதணும்ல? இன்னா காரணம்னு எழுதுவ நீ?"

நான் எழுதக்கூடிய காரணம் எதுவும் இல்லை. விதியைக் காட்டி எத்தனையோ பேரை வாசலோடு திருப்பி அனுப்பியவன் நான். என் வீட்டிலேயே ஒருத்தி விதியைக் காட்டி என்னைத் திருப்பி அனுப்பினாள். பெருமையாக இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"மேப் போட்டு வரிசை வந்துச்சே, அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"மேப்புதான் போட்டுது நைனா."

"மேப்புக்குத் தெரியாது. உனக்கு?"

"தெரியும். தெரிஞ்சுதான் வாய மூடிக்கினு இருந்தேன்."

அன்று அவள் ஆலை மேலாளருக்கு ஒரே வரியில் பதில் அனுப்பினாள். நிறுத்தங்களின் வரிசை மாறாது. கூட்டாளிப் பையன் தலையில் கைவைத்துக்கொண்டான். ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அந்த வரியை அவள் அனுப்பியபோது தன் பெயரையும் கீழே போடச் சொன்னான்.

அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். புகார் வரும். நான் புத்தூரில் தங்கை வீட்டில் தங்கிக்கொண்டு, தினமும் ஃபைலோடு அந்த வேனில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். எதிர்பார்த்தபடியே மெயின் ரோட்டில் பிரேக் இன்ஸ்பெக்டர் கைகாட்டி நிறுத்தினார். இளைஞர். கொஞ்சம் சங்கடப்பட்டார். "எவரோ ஃபோன் சேசாரு சார்," என்றார். யாரோ ஃபோன் செய்தார்களாம். எனக்கு அந்த யாரோவின் வீட்டுக் கதவு நிறம்வரை தெரியும்.

அவர் கேட்பதற்கு முன்பே பர்மிட்டைக் கொடுத்தேன். அதற்குப் பின்னால் தகுதிச் சான்று, காப்பீடு, வரி, புகைச் சான்று, டிரைவரின் கண் பரிசோதனைச் சான்று, முதலுதவிப் பெட்டி வாங்கிய ரசீது. முதலுதவிப் பெட்டியைத் திறந்து, பஞ்சு காலாவதியாகவில்லை என்றும் காட்டினேன்.

"பஞ்சுக்குமா சார்?" என்றார் அவர்.

"கேட்டீங்கன்னா இல்லன்னு ஆயிடக் கூடாது பாருங்க."

வேனுக்குள்ளிருந்து ஒரு பெண் தலையை நீட்டினாள். "சார், இவுரு எங்க காலனி ஆபீசரு. பேச வுட்டீங்கன்னா சட்டத்த மொதல் பக்கத்துலருந்து படிப்பாரு. எங்களுக்கு ஷிஃப்டு போயிடும். சீக்கிரமா வுட்டுடுங்க."

உள்ளே ஒரே சிரிப்பு. இன்ஸ்பெக்டரும் சிரித்துக்கொண்டே வழிவிட்டார். அதற்குப் பிறகு ஃபோன் வந்ததோ இல்லையோ, அவர் எங்களை நிறுத்தவில்லை.

ஆனால் இருக்கைகள் காலியாகவே இருந்தன. ஒவ்வொரு நாளும் வேன் ஊருக்குள் போய்க் கோயில் பக்கம் நிற்கும். டீக்கடையில் நான்கைந்து ஆண்கள் எங்களைப் பார்ப்பார்கள். நாங்கள் அவர்களைப் பார்ப்போம். டிரைவர் நிரல் சொன்ன நேரம்வரை காத்திருந்து வண்டியை எடுப்பார். அந்தக் காத்திருப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. இருக்கை காலியாக இருந்தாலும் கதவு திறந்திருந்தது. ஏறாதது அவர்கள் முடிவு.

ஒருநாள் விடியலில் காலனி நிறுத்தத்தில் ஒரு புதுப் பெண் நின்றுகொண்டிருந்தாள். துப்பட்டாவைத் தலைமேல் போட்டிருந்தாள். கையில் டிபன் பை. ஊர்ப் பெண். முன்னாள் சர்பஞ்சின் தம்பி பேத்தி என்று பிறகு தெரிந்தது.

"இன்னாம்மா, வழி தப்பிட்டியா?" என்று காலனிப் பெண்களில் மூத்தவள் கேட்டாள்.

"இல்லக்கா. அங்க டீக்கடையில ஒக்காந்துக்கினு எண்ணிக்கினு இருக்காங்க, யாரு ஏறுறா, யாரு ஏறலன்னு."

"இங்க வந்தா எண்ண மாட்டாங்களா?"

"இங்க யாரு வராக்கா, எண்றதுக்கு?"

மூத்தவள், "அது சரி. எங்க பக்கம் வந்தா கௌரவம் கொறஞ்சிடுமே அவங்களுக்கு," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். ஏறி முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

"அது என் சீட்டு," என்றாள் மூத்தவள்.

அந்தப் பெண் எழுந்திருக்கப் போனாள்.

"ஒக்காரு, ஒக்காரு. கொஞ்சம் தள்ளிக்கினு ஒக்காரு. வெயிட்டு இல்லாத ஒடம்புதானே ரெண்டு பேருக்கும்."

மூத்தவள் எடை அதிகம் உள்ளவள். மறுபடி சிரிப்பு.

வேன் ஊருக்குள் நுழைந்தபோது அந்தப் பெண் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். டீக்கடை தாண்டும்வரை சரிசெய்துகொண்டே இருந்தாள். மாலையில் ஊருக்குள் இறங்காமல் மெயின் ரோட்டிலேயே இறங்கி நடந்துவிட்டாள். சில நாளில் இன்னொருத்தி வந்தாள். அப்புறம் அக்கா தங்கை இரண்டு பேர். செருப்பு வாரைச் சரிசெய்வதும் மெல்ல நின்றுபோனது. வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஷேர் ஆட்டோவில் அரைநாள் சம்பளம் போனதை வீடுகளும் கணக்குப் பார்த்திருக்கும். ஆனால் கால்கள் அந்தப் பெண்களுடையவை. ஏரிக்கரையை எதிர்த்திசையில் அவர்களே நடந்து கடந்தார்கள்.

இதனால் ஊர் திருந்திவிட்டது என்று நான் சொன்னதாக யாரும் எழுத வேண்டாம். வேனில் தோளோடு தோள் உரசி உட்கார்ந்தவர்கள், இறங்கியதும் வேறு வேறு தெருவுக்குத்தான் போனார்கள். கடைசிவரை ஏறாதவர்களும் இருந்தார்கள். ஒரு பெண்ணை வேலையை விட்டே நிறுத்திவிட்டார்கள். அதற்கு எங்கள் நிரலில் வழி இல்லை.

மாத முடிவில் ஆலை மேலாளர் இருக்கைகளைப் பார்த்தார். போதுமான அளவு நிரம்பியிருந்தன. எப்படி என்று அவர் கேட்கவில்லை. ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டார். புத்தூர் டிராவல்ஸ்காரர் மட்டும் கொஞ்ச காலம் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குச் சில வாரம் கழித்துக் கூட்டாளிப் பையன் அலுவலகத்தில் கத்தினான். "அங்கிள், ஊர் நிறுத்தம் காணோம். நான் தொடவே இல்லை!" அவனே எழுதிய விதி ஒன்று இருந்தது. ஒரு நிறுத்தத்தில் தொடர்ந்து யாரும் ஏறாமலும் இறங்காமலும் இருந்தால், அதை நிரல் தானாகவே நீக்கிவிடும். நீக்கிவிட்டது. வேன் இப்போது காலனியிலிருந்து கிளம்பி, கோயில் பக்கம் நிற்காமலே போய்க்கொண்டிருந்தது.

முன்னாள் சர்பஞ்ச் மாடியேறி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கூட்டாளிப் பையன் தரிசன டிக்கெட் கேட்க வந்தவர் என்று நினைத்துக் கும்பிட்டு மாடிப்படியைக் காட்டினான். நான் அவனைத் தடுத்து அவரை உள்ளே அழைத்தேன்.

"வாங்க சர்பஞ்ச் காரு."

எங்கள் காலனி ஆட்கள் அவரை இன்னும் பணிவாகக் கூப்பிட வேண்டும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெலுங்கில் 'காரு' போட்டால் மரியாதை குறைவதில்லை. முதுகு வளைய வேண்டியதும் இல்லை.

"எங்க ஊர்ல வேன் நிக்கறது இல்லயாமே?"

"யாரும் ஏறல. ஏறாத எடத்துல நிக்காது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க அப்பன் எங்க கழனியில தண்ணி கட்டினவன். ஞாபகம் இருக்குதா?"

"நல்லா இருக்குது. அந்தக் கழனிய தொழிற்பேட்டைக்கு வித்துட்டு நீங்க புத்தூர்ல மாடி வீடு கட்டினதும் ஞாபகம் இருக்குது. ஒக்காருங்க."

உட்கார்ந்தார். அந்த மூட்டையில் உட்காரும் எவருக்கும் கொஞ்ச நேரம் கௌரவம் போய்விடும். கால் தரையில் எட்டாமல் தவித்து, பிறகு சமாளித்துக்கொண்டார்.

"பொட்டப் புள்ளைங்க இருட்டோட காலனிக்கு நடந்து போவுதுங்க. ஊர்ல அசிங்கமா பேசறாங்க."

"காலனிப் பொம்பளைங்க அதே இருட்டுல ஊருக்கு நடந்து வந்தாங்களே, பஸ் ஏற. அப்ப இன்னா பேசுனாங்க?"

அவர் சுவர்த்திரையைப் பார்த்தார். அதில் ஏதோ ஒரு கிராமத்து வேன் ஊர்ந்துகொண்டிருந்தது. பிறகு, என் வாழ்க்கையில் ஆயிரம் பேர் என்னிடம் கேட்ட கேள்வியை அவரும் கேட்டார்.

"சரி. திரும்ப நிக்கணும்னா இன்னா செய்யணும்?"

"வேன்ல ஏறுறவங்க அவங்க ஃபோன்ல கேக்கணும். வெளியாளு மனு, தரகாஸ்து குடுத்தா செல்லாது."

"நான் வெளியாளா?"

"வேன்ல ஏறுறீங்களா?"

என் மேல் கோபமாகப் பேச வந்தவர், கணினி முன்னால் உட்கார்ந்திருந்த என் மகளிடம் திரும்பினார். "அவங்க கேட்டா, வேன் மொதல்ல ஊருக்கு வருமா?"

அவள் திரும்பாமலே சொன்னாள். "ரெண்டாவதுதான் தாத்தா."

காலனியில் வேர் உள்ள ஒரு பெண் அவரைத் தாத்தா என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறையாக இருக்கும். அவருக்கு எதில் கோபப்படுவது என்று தெரியவில்லை. ரெண்டாவதுக்கா, தாத்தாவுக்கா. எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. கூட்டாளிப் பையன் ஓடிவந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டான்.

மாடிப்படியில் நின்று தம்பி பேத்திக்கு ஃபோன் செய்தார். ஷிஃப்டில் ஃபோனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பது ஆலை விதி. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஊர் நிறுத்தம் வேண்டும் என்ற கோரிக்கை அந்தப் பேத்தியிடமிருந்து எங்களுக்கு வரவில்லை. மற்றப் பெண்களும் அனுப்பவில்லை. மகளுக்கு அது மனசில் உறுத்தியது. சும்மா இருக்க முடியாமல் ஒருநாள் வேனில் போய் அந்தப் பெண்ணிடமே கேட்டாள். ஸ்டாப் வேண்டுமென்றால் போட்டுத் தருகிறேன், ரெண்டாவதாக, ஆனால் வீட்டு வாசலிலேயே ஏறலாம்.

"வேணாங்க்கா," என்றாளாம் அந்தப் பெண். "அங்க ஏறுனா அவங்க ஏத்தி வுட்ட மாதிரி ஆயிடும். நானே நடந்து போயி ஏறிக்கிறேன்."